ஒட்டன்சத்திரத்துப் பகல் காட்சி

2023 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. காலைப் பூசைக்குப் போய் வந்தேன். முந்தைய நாளின் குறிப்பை டைரியில் எழுதி முடித்தேன். தக்காளிச் சட்னி அரைத்து, வீட்டுக்காரருக்கு இட்லியை மூடி வைத்துவிட்டு, திண்டுக்கல் நாகல் நகரில் ஆட்டோ பிடித்து ஒன்பதரைக்கு அலுவலகம் சேர்ந்தேன். மேசையைத் துடைத்தேன். தியேட்டர்களிலிருந்து வந்திருந்த முந்தைய நாள் கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து அட்டவணையில் ஏற்ற ஆரம்பித்தேன்.

படங்களை வாங்கி தியேட்டர்களுக்குக் கொடுக்கும் நம் அலுவலகத்தில் வியாழக்கிழமை எப்படி இருக்கும் என்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வெள்ளிக்கிழமை புதுப் படங்கள் வரும். எந்தப் பழைய படத்தை எடுப்பது, எதை எந்தக் காட்சியில் விட்டுவைப்பது என்று வியாழன் மாலைக்குள் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வது நம் பிரிவின் வேலை.

நீங்கள் எல்லோரும் என்னைவிட நன்றாகக் கம்ப்யூட்டர் படித்தவர்கள். அட்டவணை போடுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அட்டவணையில் ஒரு எண் கூடத் தப்பில்லாமல் இருந்தும் நாங்கள் மொத்தப் பேரும் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

அப்போது எங்கள் கையில் ஒரு சின்னப் படம் இருந்தது. ஒரு அப்பாவும் மகனும் இரண்டரை மணி நேரம் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பதுதான் கதை. கடைசிக்குச் சற்று முன் அப்பா இறந்துவிடுவார். அதற்கப்புறமும் மகன் பேசமாட்டான். வெளியான முதல் வாரத்திலேயே திண்டுக்கல்லிலும் மற்ற ஊர்களிலும் அதை எடுத்துவிட்டார்கள். ஒட்டன்சத்திரத்தில் மட்டும் ஒரு தியேட்டரில் மூன்றாவது வாரமும் ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்று சும்மா சொல்லவில்லை. மாலையில் இருபது பேர் வந்தால் பெரிது. ஆனால் பகல் காட்சி அநேகமாகத் தினமும் நிரம்பியது.

இதை முதலில் கண்டுபிடித்தவன் பிரவீன். என்னோடு வேலை பார்த்த பையன், கெட்டிக்காரன். அவன் போட்ட வரைபடத்தில் எல்லா ஊர்களும் முதல் வாரத்தோடு தரையில் படுத்துவிட, ஒட்டன்சத்திரம் மட்டும் தென்னை மரம் மாதிரி நிமிர்ந்து நின்றது.

அதில் இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்தின. முதலாவது, எல்லா ஊரிலும் கூட்டம் வருகிற சனிக்கிழமையன்று அங்கே பகல் காட்சி காலியாக இருந்தது. இரண்டாவது, கேண்டீன் கணக்கு. ஹால் நிறைய ஆள் இருந்தும் பகல் இடைவேளையில் டீ விற்கவே இல்லை.

பிரவீனிடம் கேட்டேன். அவன் யோசித்துவிட்டு, "படம் அவ்வளவு பாதிச்சிருக்கு மேடம். எந்திரிச்சு வெளிய போக மனசு வரல போல," என்றான்.

தியேட்டர் மேனேஜர் தங்கவேலுவுக்குப் போன் செய்தோம். யார் வருகிறார்கள் என்று கேட்டதற்கு, கேரளாக்காரங்கதான் நிறைய வருவதாகவும், வந்தவர்களே திரும்பத் திரும்ப வருவதாகவும் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. ஆனால் ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த நம் முதலாளிக்கு முகம் மாறிவிட்டது.

"மலையாளத்துல எப்படிப்பட்ட படம்லாம் எடுக்கான். அவனே பஸ் ஏறி வந்து நம்ம படத்தத் திருப்பித் திருப்பிப் பாக்கான்னா இதுல என்னமோ இருக்கும்மா. நமக்குத்தான் வெளங்கல," என்றார். சனிக்கிழமை ஏன் காலி என்பதற்கும் அவரே விடை கண்டார். வாரக் கடைசியில் அவரவர் ஊருக்குப் போய்விடுவார்களாம்.

இப்போது சரவணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் இயக்குநர். திண்டுக்கல் பக்கம் அகரத்துப் பையன். வீட்டில் பூ விவசாயம். பல வருஷம் உதவி இயக்குநராக இருந்து எடுத்த முதல் படம் அது. சென்னையில் ஒரு தயாரிப்பாளர் அவருக்கு அடுத்த படம் கொடுக்கத் தயாராக இருந்தார். ஒரே நிபந்தனை. நம் ஏரியாவில் ஒருவர் அந்த அடுத்த படத்தை வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தத் தயாரிப்பாளர் நம் முதலாளிக்குப் போன் செய்வார். சரி என்றால் சரவணனுக்கு இரண்டாவது படம். இல்லை என்றால் அகரத்துக்குத் திரும்பிப் பூப்பறிக்க வேண்டியதுதான். அப்பாவிடம் அப்படித்தான் ஒப்புக்கொண்டிருந்தார்.

முதலாளி கிட்டத்தட்ட சரி சொல்லிவிட்டார். அந்த வரைபடத்தைப் பார்த்தால் யாரும் சொல்வார்கள். நான்தான், ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். முன்பெல்லாம் ஒவ்வொரு தியேட்டருக்கும் படப் பெட்டியோடு ஒரு ஆள் போவார், வாசலில் நின்று தலையை எண்ணுவார். இப்போது எண்கள் தாமாகவே வந்துவிடுவதால் யாரும் எங்கும் போவதில்லை.

"போய்ப் பாத்துட்டு வா. அந்தத் தம்பியையும் கூட்டிட்டுப் போ, ஹவுஸ்புல்ல கண்ணால பாக்கட்டும்," என்றார் முதலாளி.

அந்த வாரத்துக் காட்சிகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலையைப் பிரவீனிடம் விட்டுவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். சரவணன் முன்பே வந்து நின்றார். கையில் வாழையிலையில் பொதிந்த பெரிய சம்பங்கி மாலை. தியேட்டர் வாசலில் போஸ்டருக்குப் போடவாம். பஸ்ஸில் வழி நெடுக அந்த மாலையை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு, தன் படம் ஏன் மலையாளிகளுக்குப் பிடிக்கிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டே வந்தார். மௌனத்தை அவர்கள் புரிந்துகொள்வார்களாம். நம் ஆட்களுக்கு எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம்.

தியேட்டருக்குப் போனபோது படம் ஆரம்பித்து அரை மணி ஆகியிருந்தது. வளாகத்தில் ஒரு பைக் கூட இல்லை. லாரிகள் நின்றன. எல்லாம் கேரளா வண்டி. எனக்கு அப்போதே லேசாகப் பொறி தட்டியது. சரவணன் அதையெல்லாம் கவனிக்கவில்லை. போஸ்டருக்கு மாலை போட்டு, தள்ளி நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டார்.

தங்கவேலு ஓடி வந்தார். ஐம்பதைத் தாண்டிய, வெள்ளைச் சட்டைக்காரர். "வாங்க அம்மணி, வாங்க டைரக்டர் சார்," என்று கும்பிட்டார். ஆனால் எல்லாம் கிசுகிசுப்பாக. கதவருகே போனதும் இன்னும் குரலை இறக்கி, "சத்தமில்லாம வாங்க. உள்ள ஆளுங்க இருக்கறாங்க," என்றார். சரவணன் நெகிழ்ந்துபோய்ச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

உள்ளே நல்ல குளிர். திரையில் அப்பாவும் மகனும் பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. ஒலி அவ்வளவு குறைவாக இருந்தது.

"ஏண்ணே, சவுண்டு இம்புட்டு கம்மியா வச்சிருக்கீங்க?" என்று சரவணன் கேட்டார்.

"ஆடியன்ஸ் விருப்பமுங்க," என்றார் தங்கவேலு.

இருட்டுக்குக் கண் பழகியது. முதலில் எனக்குத் தெரிந்தவை துண்டுகள். வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு துண்டு. சிலர் கால்களை முன் இருக்கையில் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருவர் நடைபாதையில் போர்வை விரித்து, செருப்பைத் தலைக்கு வைத்திருந்தார். பிறகு குறட்டை கேட்டது. பத்துப் பதினைந்து பேருடையது சேர்ந்து, தூரத்தில் ஆலை ஓடுவது போலச் சீராக இருந்தது.

நான் சரவணனின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன்.

நாங்கள் அப்படியே இடைவேளை வரை நின்றோம். விளக்கைப் போட்டார்கள், அதுவும் பாதிதான். ஒரு ஆள் கூட எழுந்திருக்கவில்லை. கேண்டீன் பையன் ஸ்டூலில் உட்கார்ந்து அவனும் தூங்கிக்கொண்டிருந்தான். வெளியே வந்தபின் தங்கவேலு எல்லாவற்றையும் சந்தோஷமாகவே சொன்னார். கேரளாவிலிருந்து காய்கறி ஏற்ற வருகிற டிரைவர்கள் காலையில் மார்க்கெட்டுக்கு வந்துவிடுவார்கள். லோடு ஏற மாலையாகிவிடும். அதன்பின் ராத்திரி முழுக்க வண்டி ஓட்ட வேண்டும். லாரிக்குள் வெக்கையில் படுக்க முடியாது. இங்கே ஏசி இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் இருக்கிறது. சனிக்கிழமை மார்க்கெட் லீவு, அதனால் லாரியும் கிடையாது.

"அப்ப எந்தப் படம் போட்டாலும் வருவாங்களா?" என்று கேட்டேன்.

"அதெப்படிங்க அம்மணி. போன மாசம் ஒரு சண்டப் படம் போட்டனுங்க. வெடிச் சத்தம் தாங்காம பாதிப் பேரு எந்திரிச்சு பாலத்தடிக்குப் போயிட்டாங்க. சார் படம் வந்ததுக்கப்புறந்தானுங்க எல்லாருக்கும் நிம்மதி. ஒரு சண்ட இல்ல, ஒரு கத்தல் இல்ல. பாட்டு கூடத் தாலாட்டாட்ட இருக்குதுங்க." சரவணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ரெண்டு வாரம் விட்டு வையுங்க சார். அடுத்த படமும் இதே மாதிரி எடுங்க."

ஆக, அட்டவணை சரிதான். பிரவீனின் வரைபடமும் சரிதான். இத்தனை படங்களில் இந்தப் படத்தைத்தான் அவர்கள் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்ப வந்தார்கள். எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நாங்கள்தான் யாரும் கேட்கவில்லை.

அப்போது ஒரு டிரைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போக வெளியே வந்தார். தங்கவேலு அவரை நிறுத்தி, இவர்தான் படம் எடுத்தவர் என்று பெருமையாக அறிமுகப்படுத்தினார். டிரைவர் மரியாதையாகத் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்.

"நல்ல படம் சாரே. தினம் வரும். முடிவு மட்டும் அறியில்லா," என்றார். கொஞ்சம் தயங்கி, "அச்சன் மரிச்சுப் போகுமோ?" என்று கேட்டார்.

சரவணன் தலையாட்டினார். டிரைவர் "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நேரத்தில்தான் முதலாளியின் போன் வந்தது. சரவணன் என் பக்கத்தில் நிற்கிறார். முதலாளி, ஹால் நிறைந்திருக்கிறதா என்று கேட்கிறார். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இந்த இடத்தைத்தான். இந்த மாதிரி நேரத்தில் நமக்கு இரண்டு விதமான அவசரம் வரும். கெட்ட செய்தியை உடனே கொட்டிவிட்டு நாம் நல்லவர்களாகிவிட வேண்டும் என்பது ஒன்று. பக்கத்தில் நிற்கிறவர் மனம் நோகாமல் எதையாவது சொல்லி மழுப்பிவிட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டிலும் நாம் அட்டவணையின் ஒரு பாதியை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறோம். நிறைந்த ஹாலை நம்பி ஏமாந்த நான், காலி ஹாலை மட்டும் எப்படி நம்புவது? மாலைக் காட்சிக்கு வந்த அந்த இருபது பேர் யார், என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது.

"ஹால் ஃபுல்லுதான் சார். ஆனா ராத்திரி நான் பேசுற வரைக்கும் யாருக்கும் வாக்குக் கொடுத்துறாதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சரவணன் உடனே கிளம்பிவிட வேண்டும் என்றார். "இன்னும் என்னக்கா இருக்கு பாக்க? தூங்குறதுக்குப் படம் எடுத்துருக்கேன். போறேன், அப்பா கூடத் தோட்டத்துல நிக்கேன்," என்றார். நான் அவருக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். வீட்டுக்குப் போன் செய்து, இட்லி மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, வர நேரமாகும் என்றேன்.

மாலைக் காட்சிக்கு ஒலியை ஏற்றச் சொன்னேன். இருபதுக்கும் குறைவாகத்தான் வந்தார்கள். மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிற பெண்கள் ஐந்தாறு பேர், ஒரு குடும்பம், கல்லூரிப் பையன்கள் சிலர். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். இவர்கள் தூங்கவில்லை. ஆனால் முதல் பாதியில் சாப்பாட்டுக் காட்சி வந்தபோது, மகன் தொட்டுக்கொள்ள வைத்திருந்த வெஞ்சனத்தை அப்பா பக்கம் தள்ள, அப்பா திருப்பித் தள்ள, அவன் மறுபடி தள்ள, அந்தப் பெண்களில் ஒருத்தி, "எங்க வீட்டுலயும் இப்படித்தான், கடைசில நாந்தான் திங்கறது," என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். சரவணன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

பிறகு சாவு வீட்டுக் காட்சி. இதை நாங்கள் எல்லோரும் அலுவலகத்தில் முன்பே பார்த்திருக்கிறோம். அப்பாவின் உடல் உள்ளே கிடக்கிறது. ஊரே திரண்டு ஒரு பெரிய மாலை வாங்கி வருகிறது. வாசல் சின்னது, மாலை உள்ளே நுழையவில்லை. பெரிய மனிதருக்கு இந்த வீடு போதவில்லை என்பதைச் சரவணன் அப்படிச் சொல்லியிருந்தார். அப்போது என் குறிப்பில், "காட்சி நீளம், பொருள் விளங்கவில்லை" என்று எழுதியிருந்தேன்.

ஒட்டன்சத்திரத்தில் பொருள் விளங்கிவிட்டது. மாலையைத் தூக்கி வந்த இரண்டு மாமன்கள் அதை நேராகப் பிடித்துப் பார்க்கிறார்கள், படுக்க வைத்துப் பார்க்கிறார்கள். அழுதுகொண்டே ஒருவர் மற்றவரிடம், "கொஞ்சம் சாச்சுப் பிடி மாப்ள," என்கிறார். மற்றவர் அழுதுகொண்டே, "நீ மொதல்ல உள்ள போ," என்கிறார். உள்ளே போனவர் மாலைக்குள் மாட்டிக்கொள்கிறார். வந்திருந்த அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் இருக்கையிலிருந்து நழுவினான். நான் கைக்குட்டையை வாயில் வைத்து இருமுவது போலக் காட்டிக்கொண்டேன். சரவணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களுமாக்கா," என்றார்.

அவர்களில் ஒருவர் கூடப் படம் முடிகிறவரை எழுந்து போகவில்லை. போகும்போது அந்தப் பெண்கள் மாமன் மாலைக்குள் மாட்டிக்கொண்டதை மறுபடி சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

பேருந்து நிலையத்திலிருந்து முதலாளியை அழைத்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பகலில் தூங்குகிறார்கள் என்றதை இரண்டு தடவை சொல்ல வைத்தார். மாலையில் சிரிக்கிறார்கள் என்றதும் எந்த இடத்தில் என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பக்கம் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி. காலைல பத்து மணிக்கு அந்தாளு போன் பண்ணுவாரு. இந்தத் தம்பி சிரிப்புப் படம் எடுக்கேன்னு சொன்னா நான் வாங்குறேன். இன்னொரு பேசாத படம்னா வேணாம். அவன்கிட்டயே கேட்டுச் சொல்லு."

கேட்டேன். "நான் சிரிப்புப் படம் எடுக்கலக்கா," என்றார் சரவணன். அவ்வளவுதான். திண்டுக்கல் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். தன்னால் அழ வைக்க முடியவில்லை என்பதைக் கூட அவர் தாங்கியிருப்பார். தான் அழுதுகொண்டே எடுத்த காட்சிக்கு மற்றவர்கள் சிரிப்பதைத்தான் தாங்க முடியவில்லை. பார்த்ததைச் சொல்லியாகிவிட்டது. அதை ஏற்றுக்கொள்வதும் விடுவதும் அவர் பாடு. தெரிந்ததை எடுத்துச் சொல்வதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது என்பதை நான் அன்று பஸ்ஸில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு வருவது கஷ்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்கே அலுவலகம் போனேன். பூட்டிய கதவின் முன்னால் சரவணன் நின்றுகொண்டிருந்தார். தூங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்த மாலை சீன மட்டும் ஒரு தடவ போடுங்கக்கா," என்றார்.

கதவைத் திறந்து, பிரவீனும் வந்து சேர்வதற்குள் எல்லாத் தியேட்டரிலிருந்தும் போன் வர ஆரம்பித்தது. எடுக்க வேண்டாம் என்று பிரவீனுக்குக் கை காட்டிவிட்டு, அந்தக் காட்சியைக் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். முதல் தடவை அவர், வாசல் ஏன் சின்னதாக இருக்கிறது என்று எனக்கு விளக்கினார். இரண்டாவது தடவை பேசாமல் பார்த்தார். மூன்றாவது தடவை, "கொஞ்சம் சாச்சுப் பிடி மாப்ள" என்று அந்த மாமன் அழுதுகொண்டே சொன்னபோது, எனக்குப் பின்னால் சரவணன் நின்ற இடத்திலிருந்து தும்மலை அடக்குவது போல ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொரு தடவை வந்தது, அதை அடக்கவும் முடியவில்லை.

பத்து மணி ஆவதற்குள், நான் திரும்பிப் பார்க்காமல் முதலாளிக்குப் போன் போட்டேன்.